வழுக்க வேண்டிய இடம்

வயிற்றைத் திறந்தால் முதலில் தெரிவது வயிறு இல்லை.
தோல், அதன் கீழ் மஞ்சள் கொழுப்பு,
அதன் கீழ் பாய் முடைந்தாற்போல
குறுக்கும் நெடுக்குமாய் ஓடும் வெள்ளை நார்த்தகடு.
அதற்கும் கீழேதான் அது,
ஆறிய பாலின் ஆடையைவிட மெல்லியதாய், ஈரமாய்,
பின்னால் இருப்பதை மறைக்கத் தெரியாமல்.
டாக்டர் கிளாடிஸுக்கு அது பெரிட்டோனியம்.
நெல்பேட்டையில் கறி வெட்டும் என் மாமனாருக்கு
வெறும் சவ்வு.

விருமாயி, ஐம்பத்து நான்கு, செக்கானூரணி.
நான்கு நாளாய் வாந்தி. வயிறு பானையாய் உப்பி
காற்றுகூடப் பிரியவில்லை.
தொப்புளுக்குக் கீழே ஒரே தழும்பு:
இரண்டு பிள்ளைக்கும் அதுவே வாசல்,
பிறகு கர்ப்பப்பை வெளியேறியதும் அதன் வழியேதான்.

இன்று நான்காம் முறை. உள்ளே
குடல் குடலாக இல்லை.
ஒரு வளையம் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு,
இரண்டும் சேர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு.
எங்கோ ஆழத்தில் ஒரு நார்,
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை,
கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தது.

யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கட்டவில்லை.
புண் ஆற வேண்டுமென்று உடம்பே நூற்ற நூல்.
அறுத்த இடமெல்லாம் அவசரமாய் ஓடிவந்து
கிடைத்ததைக் கிடைத்ததோடு தைத்துவிட்டது.
அன்புதான். யார் இல்லையென்றது?
ஆனால் சவ்வுக்கு இட்ட வேலை வேறு.
ஒரு சொட்டு நீரை நடுவில் வைத்து
உரசிக்கொள், ஒட்டிக்கொள்ளாதே என்பது.
நுரையீரலுக்கு இரண்டு உறை,
மூளைக்கு மூன்று, இதயத்துக்கு ஒரு பை.
தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.
ஆடச் சதைக்கு இடம் விட்டது யாரென்று
பழமொழி சொல்லவில்லை.

டாக்டர் கத்தரியை வாங்கவில்லை. விரலை நுழைத்தார்.
"அது விடுற பக்கமாத்தான் போகணும், மைமூன்."
ஆட்டுத்தொடையில் பெருவிரலைக் கொடுத்து
மாமாவும் இதையேதான் சொல்வார்.
கத்தியை வைத்தால் கறி பாழ்.

இரண்டே முக்கால் மணி நேரம்.
நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது.
சாண் சாணாய் விடுபட்ட குடல்
கருநீலம் தெளிந்து சிவந்தது.

நான் மாப் எண்ணினேன். இருபது கொடுத்திருந்தோம்.
பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.
யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் பயம்.
இருபதாவது கல்லீரலுக்கு மேலே
விருமாயியின் நிறத்துக்கே மாறிப் படுத்திருந்தது.
விட்டிருந்தால் அதைச் சுற்றியும் நூற்றிருக்கும் இந்த உடம்பு,
நீ யாரென்று கேட்காமல்.

வெளியே பெஞ்சில் அவளுடைய இரண்டு மகள்கள்.
நடுவில் ஒயர்கூடை.
கையெழுத்து வாங்கும்போதே பார்த்தேன்,
பேனாவைத் தங்கையின் கையில் தராமல்
பெஞ்சில் வைத்தாள் மூத்தவள்.
ஒரே தழும்பின் வழி வந்தவர்கள்.
என்ன சண்டையோ, நான் கேட்கவில்லை.
ஸ்ட்ரெச்சர் வந்ததும் இருவரும் எழுந்த வேகத்தில்
கூடை சரிந்து
சாத்துக்குடி ஒன்று லிஃப்ட் வரை உருண்டது.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன்.
போக வேண்டியதில்லை, போனேன்.
ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தேன்.
அவளுடைய சவ்வு, கருவியின் தகடு, என் செவிப்பறை,
மூன்றையும் தாண்டி வர வேண்டும் ஒரு சத்தம்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
கோரிப்பாளையத்தில் பஸ் ஹாரன்.
பிறகு, யாரோ எங்கோ
குடத்தைத் தண்ணீரில் சாய்த்ததுபோல்
களக்.

"காத்துப் போச்சா, ஆத்தா?"
விருமாயி போர்வையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.
இளையவள்தான் பதில் சொன்னாள்,
என்னைப் பார்க்காமல், கட்டிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து:
"விடியக்காலமே போச்சு சிஸ்டர்.
நான் தூங்கிட்டேன்.
அக்காதான் கேட்டுச்சு."